சொன்ன ஞாபகம்

கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு அடுக்கு நீலத் துணியில் சுற்றிக் கட்டிய செட். உள்ளே ஒரு எஃகுத் தட்டு, தட்டில் எலும்பு ஆபரேஷனுக்கான முப்பத்தொரு கருவிகள். துணி வெளியே மொடமொடவென்று காய்ந்திருந்தது. மேலே ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடுகள் பளிச்சென்று விழுந்திருந்தன. நீராவி தன் வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஆனால் அடியில் கொடுத்த என் உள்ளங்கை ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளை நிஜமாகத் தூங்குகிறதா, தூங்குவதுபோல நடிக்கிறதா என்பது தூக்குகிறவள் கைக்குத் தெரியும் இல்லையா, அப்படித்தான் இதுவும். லேசாகச் சாய்த்தேன். உள்ளே ஏதோ ஒன்று, சாய்த்ததற்குக் கொஞ்சம் பிந்தி நகர்ந்தது. தட்டின் மூலையில் ஒரு கரண்டித் தண்ணீராவது தேங்கியிருக்க வேண்டும்.

ஒரு கரண்டித் தண்ணீரில் என்ன குடி முழுகிவிடப் போகிறது என்று கேட்பீர்கள். எங்கள் வேலையில் குடி முழுகுவது அதில்தான். மேலே ஐந்து ஆபரேஷன் தியேட்டர்களில் பயன்படுத்திய கத்தி, கத்தரிக்கோல், இடுக்கி எல்லாம் அழுக்காகக் கீழே வரும். நாங்கள் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, பீரோ அளவுள்ள மெஷினுக்குள் வைத்து நீராவியில் வேகவைத்து, காயவைத்து மறுபடி மேலே அனுப்புவோம். உள்ளே ஈரம் தங்கினால், அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டே வெளியிலிருக்கும் கிருமி துணி வழியாக உள்ளே நுழைந்துவிடும். பிறகு அது போய்ச் சேரும் இடம் யாரோ ஒருவருடைய திறந்த உடம்பு. பத்தொன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ஒரு நோயாளியைக்கூட நேரில் பார்த்ததில்லை. அவர்களைத் தொட்டுவிட்டு வந்த இரும்பை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. மூன்று மெஷின்களும் நடுச்சுவருக்குள் பதிந்திருக்கும். அந்தப் பக்கக் கதவு வழியாக வைத்து, இந்தப் பக்கக் கதவு வழியாக எடுக்கவேண்டும். எடுப்பது நான். சுவரில் ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. மெஷின் கதவு திறக்கும்போதெல்லாம் நீராவி அடித்துக் கண்ணாடி வெளுத்துப்போகும்; பிறகு மேலிருந்து கீழாக மெல்லத் தெளியும். முதலில் அந்தப் பக்கத்து டியூப் லைட் தெரியும், அப்புறம் தொப்பிகள், அப்புறம் முகங்கள். மெஷின் இரைச்சலில் யார் கத்தினாலும் சுவரைத் தாண்டிக் கேட்காது. அதனால் எங்களுக்குக் கைதான் வாய். மணிக்கட்டை இரண்டு தரம் தட்டினால் இன்னும் எவ்வளவு நேரம் என்று அர்த்தம். காதைப் பிடித்து இழுத்தால் பெரிய சிஸ்டர் வருகிறார் என்று அர்த்தம். அந்த வெள்ளைப் புகைக்குள் கைகள் மட்டும் அசைவதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ காலைகள் கரைந்திருக்கின்றன. எனக்குப் பேச்சு வராது என்பது அங்கே யாருக்கும் ஒரு குறையாகவே படவில்லை.

பேச்சு வராது என்றால் ஊமை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வீட்டில் பேசுவேன், கடையில் பேசுவேன், தனியாக ஒருவர் கேட்டால் பதில் சொல்வேன். முக்கியமான விஷயத்தை வாய் திறந்து கேட்கவேண்டும் என்றாலோ, நாலு பேர் சேர்ந்து நின்று என் முகத்தைப் பார்த்தாலோதான் தொண்டை தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும். 'சைலன்சர்' என்று எனக்குப் பெயர் வைத்தவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செட் கட்டுகிற ரேடியோ. அவளுக்கு ரேடியோ என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. வைக்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். இத்தனை வருடமும் எனக்கும் சேர்த்து அவளேதான் பேசினாள். லீவு வேண்டுமா, கையுறை தீர்ந்துவிட்டதா, நான் கண்ணாடியில் விரலால் காட்டினால் போதும். அரைமணி நேரத்தில் மாடி வரைக்கும் தெரிந்துவிடும்.

அந்த நிம்மதியில் மண் விழுந்தது போன மாதம்தான். நோட்டில் எழுதி வைப்பதை யாரும் படிப்பதில்லையாம். அதனால் இனிமேல் தினமும் காலை ஏழரைக்குப் பேக்கிங் மேஜையைச் சுற்றி எல்லாரும் நிற்கவேண்டும். அவரவர் பிரச்சினையை அவரவர் வாயாலேயே சொல்லவேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் பேசக்கூடாது. இதற்காக நாலு புதன்கிழமை கேன்டீன் மாடியில் பேச்சுப் பயிற்சி நடந்தது. டீச்சர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். "கண்ணைப் பார்த்துப் பேசுங்க" என்று மூச்சுக்கு முப்பது தரம் சொன்னதால் ரேடியோ அவருக்குக் 'கண்ணாஸ்பத்திரி' என்று பெயர் வைத்துவிட்டாள். நல்ல பெண்தான். மூன்றாவது புதன்கிழமை எல்லாரும் போனபிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குச் சொல்ல விஷயம் நெறைய இருக்கு, எனக்குத் தெரியுதுங்க. ஒரு வீட்டுப்பாடம் தரேன். கண்ண மூடிக்கிட்டு அந்த மேஜைக்கிட்டப் போங்க. யார் யார் எங்க நிக்கிறாங்கன்னு பாருங்க. சொல்ல வேண்டியதச் சொல்லுங்க. அவங்க என்ன பதில் சொல்லுவாங்கன்னும் கேளுங்க. பத்துத் தடவை உள்ள சொல்லிட்டா, பதினோராவது தடவை தானா வெளிய வந்துரும்."

உள்ளே சொல்வதா? அதில் எனக்குப் போட்டி வைத்தால் முதல் பரிசை வாங்கிக்கொண்டு வேறு யாருக்கும் இரண்டாம் பரிசுகூட இல்லாமல் செய்துவிடுவேன். அன்றிலிருந்து பஸ்ஸில் சொன்னேன், பாத்திரம் துலக்கும்போது சொன்னேன், மெஷின் கதவுக்கு முன் காத்திருக்கும் நேரமெல்லாம் சொன்னேன். கண்ணை மூடினால் மேஜை வந்து நிற்கும். மேலே இருக்கிற சின்ன ஜன்னலிலிருந்து வெயில் சரிவாக இறங்கும். எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள்; எனக்கு ஒன்றுமே ஆகாது. என் குரல் அங்கே எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அவசரமில்லாமல், தெளிவாக, வேறு யாரோ ஒரு கெட்டிக்காரப் பெண்ணின் குரல் மாதிரி இருந்தது. அதைக் கேட்பதற்காகவே சில சமயம் தேவையில்லாத விஷயங்களைக்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

அந்த ஈரச் செட்டை நான் எடுத்தபோது காலை ஆறு நாற்பது. இரண்டாவது மெஷினிலிருந்து வந்தது. நீராவியை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பம்பு சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். அப்படியானால் அந்த லோடில் வந்த பன்னிரண்டு செட்டுமே சந்தேகம்தான். செட்டை ஒதுக்கிவைக்கும் உரிமை எங்களுக்குக் கிடையாது. பெரிய சிஸ்டர் சொன்னால்தான் நிறுத்தலாம். அதிலும் அந்த ஈரச் செட், ஒன்பது மணி ஆபரேஷனுக்கு மாடியில் தேவைப்படுவது. எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். பத்துத் தடவை சொன்னேன். எண்ணிக்கொண்டே சொன்னேன்.

ஏழரைக்கு மேஜையைச் சுற்றி ஏழு பேர் நின்றோம். பெரிய சிஸ்டர் தாளும் பேனாவுமாக நடுவில் நின்றார். கழுவுகிறவர்கள் சொன்னார்கள், ரேடியோ சொன்னாள், சிரிப்பு வந்தது, அடங்கியது. என் முறை வந்தது. "சிஸ்டர், ரெண்டாவது மெஷின் சரியா காய வைக்கல. கீழ்த்தட்டுல இருந்த எலும்பு செட்டுக்குள்ள தண்ணி நிக்குது. அந்த லோடு மேல போக வேண்டாம்" என்றேன். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது, பிறகு நேரானது. பெரிய சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். "நல்லவேளை சொன்னம்மா. செட்ட மேல கொண்டு போற வண்டிக்காரர்கிட்ட நானே சொல்லிடறேன்" என்று எழுதிக்கொண்டார். பேனா முனையில் வெயில் பட்டு மின்னியது. ரேடியோ மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். சபாஷ் என்று அர்த்தம்.

மிதந்துகொண்டுதான் என் பக்கத்துக்குத் திரும்பி வந்தேன். கண்ணாடி வெளுத்து வெளுத்துத் தெளிந்தது. மூன்றாவது மெஷினைத் திறந்தேன், முதல் மெஷினைத் திறந்தேன். நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்குப் புதிதாகக் குரல் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முகமூடிக்குள் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

பத்து மணிக்குக் கண்ணாடியின் அந்தப் பக்கம் ரேடியோ தன் காதைப் பிடித்து இழுத்தாள். ஒரு தரம் இழுப்பது வழக்கம். அன்றைக்கு விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது தியேட்டரில் எலும்பு செட்டைப் பிரித்தபோது தட்டில் தண்ணீர் நின்றதாம். நர்ஸ் பார்த்துவிட்டாள், பார்த்தது புண்ணியம். ஆனால் நோயாளிக்கு அதற்குள் மயக்க மருந்து கொடுத்தாகிவிட்டது. வேறு செட் தேடிப் பிடிக்கும்வரை அந்த மனிதர் நாற்பது நிமிடம் ஆபரேஷன் மேஜையில் மயக்கத்திலேயே காத்திருந்தாராம். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பெரிய சிஸ்டர் தன் அறையில் எங்களை நிறுத்திவைத்து இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை எங்களுக்காக, இரண்டாவது தடவை தனக்காக.

"இந்த லோடை எடுத்தது நீதானே? கையில எடுத்தா உனக்குத் தெரியாம இருக்காதே. ஏம்மா சொல்லல?"

"சொன்னேனே சிஸ்டர்."

"யாருகிட்ட?"

"உங்ககிட்டதான். காலையில, மேஜைக்கிட்ட."

பெரிய சிஸ்டர் கோபக்காரர்தான், ஆனால் அப்போது அவர் முகத்தில் கோபம் வரவில்லை. அது வந்திருந்தாலாவது எனக்குப் பழக்கமான விஷயமாக இருந்திருக்கும். காலையில் எழுதிய தாளை எடுத்து என் பக்கம் திருப்பிக் காட்டினார். கழுவுமிடம்: குழாய் சொட்டுகிறது. பேக்கிங்: டேப் தீர்ந்துவிட்டது. எடுக்குமிடம்: எல்லாம் சரி.

"உன் முறை வந்தப்ப 'எல்லாம் சரி சிஸ்டர்'னு சொன்ன. நான் எழுதினேன்" என்றார் மெதுவாக.

ரேடியோவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். "எனக்குக் காலையிலேருந்து காது அடைச்சுக்கிட்டு இருக்கு சிஸ்டர், சரியா கேக்கல" என்றாள். பத்தொன்பது வருடத்தில் அவள் காது அடைத்ததாக ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பொய்யிலிருந்துதான் உண்மை எனக்கு உறைத்தது. பேனாவில் வெயில் மின்னியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. அடித்தளத்து ஜன்னலில் காலை முழுக்கத் தண்ணீர்தான் வழிந்துகொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் மெக்கானிக் வந்து இரண்டாவது மெஷினைப் பிரித்துப் போட்டார். நான் என் வேலையைச் செய்தேன், கால் தரையில் படாதது மாதிரியே இருந்தது. காலையில் மிதந்த மிதப்பு வேறு, இது வேறு. சொன்னது என்று நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக்காரியிடம் துக்கம் விசாரித்தேனா? விசாரித்தேன், அவள் அழுதாள், என் தோள் நனைந்தது, அது நிஜம். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேனா? டெலிபோனில் கேட்டேன், அவன் சிரித்தான். சிரித்தானா? இப்படியே எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஒன்றின்மேல் கை பட்டதும் நின்றுவிட்டேன். அதைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வீடு வருகிறவரைக்கும் அதைத் தொடாமலே வந்தேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நான் போனபோது கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. எதிரில் உட்கார்ந்து நானும் ஒரு துண்டை எடுத்தேன். பாதி மடித்துவிட்டு வைத்துவிட்டேன்.

"என்னங்க, அம்மா விஷயமா உங்ககிட்ட ஒரு தடவ கேட்டேன்ல?"

"எந்த விஷயம்?"

"அம்மாவ நம்மளோட வச்சுக்கலாமான்னு. வாசல்கிட்ட உக்காந்து ஷூ கழட்டிட்டிருந்தீங்க. நான் கேட்டேன். நீங்க பதிலே சொல்லாம உள்ள போயிட்டீங்க."

அவர் கையில் ஒரு சட்டை இருந்தது. அதன் கையை மடிக்கப்போனவர் அப்படியே நிறுத்தினார். என்னை ஏமாற்றுவதற்காக யோசிக்கிற ஆள் அவர் இல்லை, நிஜமாகவே தேடிப்பார்த்தார்.

"நீ கேக்கவே இல்லையேம்மா" என்றார்.

அம்மா கடைசி இரண்டு வருடம் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஒரு தடுப்புப் போட்டு அதில் படுத்திருந்தாள். போய்ப் பார்க்கும்போதெல்லாம் "உங்க வீட்டு ஜன்னல்ல காத்து நல்லா வருமே" என்பாள், அதற்கு மேல் ஒன்றும் சொல்லமாட்டாள். நான் யாருக்குப் பிறந்தவள் என்று சந்தேகமே வேண்டாம். அவள் போய் ஆறு வருடமாகிறது. அந்த ஆறு வருடமும் இந்த மனிதரின் தட்டை மேஜையில் வைக்கும்போது கொஞ்சம் சத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். அவர் சிரித்தால் எனக்குள் ஒன்று, கேட்டேனே, பதில் சொன்னாயா, என்று முறைக்கும். சண்டை என்று வெளியே ஒன்றும் இல்லை. மனசுக்குள் ஆறு வருடமாக வழக்கு நடத்தி, சாட்சி சொல்லி, தீர்ப்பும் எழுதி, தண்டனையும் கொடுத்து வந்திருக்கிறேன். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கு நடப்பதே தெரியாது.

"நான் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

சட்டையை மடித்து முடித்தார். அடுக்கின்மேல் வைத்தார். சுருக்கத்தைத் தடவிவிட்டார்.

"அத்தைக்கு மகன் வீட்ல இருக்கத்தான் இஷ்டம்னு நெனச்சேன். நானா எப்படிக் கூப்பிடறது? நீ பேச்ச எடுப்பேன்னு பார்த்துட்டே இருந்தேன். பாத்ரூம்ல பிடிச்சுக்கிறதுக்குக் கம்பி ஒண்ணுகூட வாங்கி வச்சேன். லிஃப்ட்ல மாட்டுவோமே, அந்த மாதிரி." அடுத்த துணியை எடுத்து உதறினார். "பரண்லதான் கிடக்கு. பிரிக்கவே இல்ல" என்றார்.

அழுதேன். அம்மாவுக்காக அழுதேனா, அந்தக் கம்பிக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் என்ன செய்வதென்று தெரியாமல், மடித்து வைத்த துணியிலிருந்தே ஒரு துண்டை எடுத்து நீட்டினார். மன்னிச்சிருங்க என்று சொன்னேன். அப்புறம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று கேட்டேன். "மன்னிச்சிருங்கன்னு சொன்ன" என்றார். அது நிஜமாகவே வெளியே போயிருந்தது.

மறுநாள் காலை இரண்டாவது மெஷின் மறுபடியும் ஓடியது. மெக்கானிக் பம்பை மாற்றியிருந்தார். மெஷின் துப்பிய சீட்டில் எல்லா எண்களும் ஒழுங்காக இருந்தன. கதவைத் திறந்தேன், கண்ணாடி வெளுத்தது. செட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் ஏந்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் நன்றாகக் காய்ந்து லேசாக இருந்தன. கடைசியாகக் கீழ்த்தட்டு மூலையில் இருந்ததை எடுத்தேன். சின்னப் பிள்ளைகளின் எலும்புக்கான செட் அது. கருவிகள் எல்லாமே விரல் நீளம்தான். ஆஸ்பத்திரிக்கே அது ஒன்றுதான் இருக்கிறது. சாய்த்தேன். உள்ளே ஒன்று கொஞ்சம் பிந்தி நகர்ந்தது.

சூடாக இருப்பதால் அப்படித் தோன்றுகிறதோ என்று வைத்துவிட்டு, ஆறியபிறகு மறுபடி எடுத்தேன். நகர்ந்தது. முந்தின நாள் நடந்ததால் பயத்தில் கை பொய் சொல்கிறதோ என்று முதல் மெஷினில் வந்த அதே எடையுள்ள ஒரு செட்டை எடுத்துச் சாய்த்துப் பார்த்தேன். அது நகரவில்லை. பிரித்துப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் பிரித்தால் முதலிலிருந்து கழுவிக் கட்டி வேகவைத்துக் காயவைக்க நாலு மணி நேரம் ஆகும். ஒன்பது மணிக்கு ஏதோ ஒரு பிள்ளை ஒன்றும் சாப்பிடாமல் மேலே காத்திருக்கிறது. நான் சொல்வது தப்பாக இருந்தால் அந்தப் பிள்ளையின் பட்டினி என் கணக்கில் சேரும். சொல்லாமல் விட்டு, இன்றைக்குப் பிரிக்கிற நர்ஸ் நேற்றைய நர்ஸ் மாதிரி உன்னிப்பாகப் பார்க்காவிட்டால்? தண்ணீர் துணியிலேயே ஊறி, தட்டு காய்ந்தமாதிரி தெரிந்தால்?

கண்ணாடி தெளிந்தபோது ரேடியோ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். தன் வாயைத் தொட்டுக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டாள். நான் சொல்லிடவா? பத்தொன்பது வருட நட்பு அந்த இரண்டு விரலில் இருந்தது. தலையை ஆட்டினேன், வேண்டாமென்று. அவள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

இந்தத் தடவை ஒத்திகை பார்க்கவில்லை. வாக்கியம் உள்ளே உருண்டு திரண்டு வரும்போதெல்லாம் தலையை உலுக்கி அதைக் கலைத்தேன். மேஜை வந்து நின்றது, வெயில் இறங்கியது, அந்தக் கெட்டிக்காரப் பெண் தொண்டையைச் செருமினாள். அடியே, நீ வாயைத் திறக்காதே என்று அவளை விரட்டினேன். அலமாரியில் இருந்த கையுறைப் பெட்டிகளை எண்ணினேன். முடிந்ததும் திருப்பி எண்ணினேன். ஏழரை மணிக்குப் போகும்போது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. இப்படி வெறும் மனசோடு நான் எங்கேயும் போனதில்லை.

அன்றைக்கு எட்டுப் பேர் இருந்தோம். மெக்கானிக்கும் வந்திருந்தார், மெஷின் சீட்டைப் பெரிய சிஸ்டரிடம் கொடுப்பதற்காக. ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டர் சீட்டைப் படித்து, "அப்போ ரெண்டாவது மெஷின் ரெடி, சின்ன எலும்பு செட்ட மேல அனுப்பிரலாம்" என்று தாளில் குறிக்கப்போனார். என் முறை இன்னும் வரவில்லை. மூன்று பேர் தள்ளி இருந்தது.

"சிஸ்டர், அந்தச் செட்டு வேண்டாம். உள்ள தண்ணி இருக்கு."

சொன்னேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. காதுக்குள் ரத்தம் அடித்துக்கொண்டது, சுவருக்குப் பின்னால் மூன்று மெஷின்களும் இரைந்தன. உள்ளே கேட்கிற அந்த அழகான குரலாக இது இல்லை. கரகரவென்று, பாதியில் உடைந்து, காற்றாக என்னவோ போனது. பெரிய சிஸ்டரின் தலை தாளின்மேல் குனிந்தே இருந்தது. யாரும் அசைந்ததாகத் தெரியவில்லை. இதுவும் உள்ளேதான் நடந்துகொண்டிருக்கிறதோ, நான் இன்னும் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டுதான் நிற்கிறேனோ என்று ஒரு கணம் தோன்றியது. கண்ணைத் திறக்கவேண்டும் என்று நினைத்தேன். திறந்துதான் இருந்தது.

அப்போது மெக்கானிக்கின் கை நின்றது. சட்டை நுனி கண்ணாடியின்மேல் அப்படியே இருக்க, முகத்தை நிமிர்த்தினார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது. கண்ணை இடுக்கிக்கொண்டு, கேட்ட குரல் எங்கேயிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தார். முதலில் ரேடியோ பக்கம் திரும்பினார். அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு இல்லை என்று தலையசைத்தாள். அவர் பார்வை அங்கிருந்து நகர்ந்து, கழுவுகிறவர்களைக் கடந்து, மங்கலான முகங்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு, மேஜையைச் சுற்றி மெல்ல என் பக்கம் வந்துகொண்டிருந்தது.